சகலையின் வண்டிக்கு வரி

"ஏறு" என்று முன் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார் கண்ணாடிக்காரர்.

மனைவி குனிந்து காருக்குள் பார்த்தாள். முன் சீட்டில் புத்தம் புது மெத்தை ஒன்று, நீலத்தில் வெள்ளைப் பூப் போட்ட உறையோடு உட்கார்ந்திருந்தது.

"என்னங்க இது?"

"வண்டி குலுக்கி எடுக்குதுன்னு சொன்னியே. அதான். இனிமே எந்தப் பள்ளத்துல விழுந்தாலும் உனக்குத் தெரியவே தெரியாது. ஏறு, ஆபீஸ்ல விட்டுட்டுப் போறேன்."

அவள் மெத்தையை விரலால் அமுக்கிப் பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கு. ஆனா நான் மாமா வண்டியிலயே போயிடுறேங்க. உங்க கடை ஒரு மூலை, என் ஆபீஸ் ஒரு மூலை. வீணா சுத்தணும். பெட்ரோல் விக்கிற விலைக்கு எதுக்கு?"

சொல்லிவிட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, பள்ளம் பார்த்து, மேடு பார்த்து, கோலாட்டம் ஆடுகிறவள் மாதிரி கால் மாற்றி வைத்துத் தெருவைத் தாண்டிப் போய்விட்டாள். கண்ணாடிக்காரர் திறந்த கதவைப் பிடித்தபடியே நின்றார். பிறகு அதைச் சாத்தினார். வழக்கமாக அவர் யாரையும் அந்தக் கதவை அவ்வளவு ஓங்கிச் சாத்த விடமாட்டார்.

'மாமா' என்பது மனைவியின் அக்கா வீட்டுக்காரர். அதாவது இவருக்குச் சகலை. அவள் ஆபீஸுக்குப் பக்கத்து லிஃப்ட் கம்பெனியில் மேற்பார்வையாளர். இரண்டு தெரு தள்ளி வீடு. அந்த வீட்டு வாசலில்தான் சில மாதங்களாக அந்த வண்டி நிற்கிறது. வெள்ளை வெளேரென்று ஒரு எலெக்ட்ரிக் கார். அதில் சத்தம் கிடையாது, புகையும் கிடையாது. புகை முழுவதும் கண்ணாடிக்காரரின் காது வழியாகத்தான் வந்துகொண்டிருந்தது.

பொறாமை சிலருக்கு ஜலதோஷம் மாதிரி, வரும், போகும். கண்ணாடிக்காரருக்கு அது சர்க்கரை வியாதி மாதிரி. எப்போதும் கூடவே இருக்கும், கட்டுப்பாட்டில் வைத்துக்கொள்ள வேண்டியதுதான். எதிர்க்கடைக்காரர் புதுப் பெயர்ப்பலகை மாட்டினால் இவருக்குச் சாப்பாடு இறங்காது. அவ்வளவு ஏன், குடிநீர் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் சொந்த மனைவிக்குத் தலைமை ஆய்வாளராகப் பதவி உயர்வு வந்தபோது, வாழ்த்துச் சொன்ன கையோடு ஒரு வாரம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். என்ன ஆச்சு என்று கேட்டவர்களிடம் பல்வலி என்றார்.

அந்தப் பதவி உயர்வோடு அவளுக்கு அலுவலகமும் மாறியது. அதற்கு முன்பெல்லாம் இவருடைய கடையும் அவளுடைய அலுவலகமும் ஒரே சாலையில் இருந்தன. கல்யாணமான நாளிலிருந்து அந்த முன் சீட்டு அவளுடையது. வீட்டில் பேசாத பேச்செல்லாம் அந்தக் கொஞ்ச தூரத்தில்தான் பேசுவார்கள். கடைப் பலகைகளில் உள்ள எழுத்துப் பிழைகளை அவள் உரக்கப் படிப்பாள். இவர் சிரித்துக்கொண்டே கியர் மாற்றுவார். லைசென்ஸ் எடுத்த புதிதில், "நான் ஒரு தடவை ஓட்டிப் பாக்கட்டுமா?" என்று கேட்டாள். "இந்த வண்டி கியர் என் கைக்கு மட்டும்தான் மடங்கும்" என்று சொல்லிவிட்டார். அப்புறம் அவள் கேட்கவில்லை.

இப்போது அந்த சீட்டு காலி. கடைக்குப் போகும் வழியில் எழுத்துப் பிழைகள் அப்படியே இருந்தன, படிக்கத்தான் ஆளில்லை. அவருக்குத் துக்கமாக இருந்தது. அந்தத் துக்கம் சகலையின் முகத்தை நினைத்த மாத்திரத்தில் வயிற்றெரிச்சலாக மாறியது.

போன ஞாயிற்றுக்கிழமை சகலை வீட்டுக்குப் போயிருந்தபோது அவர் அந்த வண்டியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"என்ன சகலை, எங்களையெல்லாம் ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போக மாட்டீங்களா?" என்று கேட்டார் கண்ணாடிக்காரர், குரலில் சர்க்கரை தடவி.

சகலையின் கை நின்றது. "சார்ஜ் ஏறிட்டிருக்கு சகலை."

"ஒயரே மாட்டலையே?"

"அது வந்து... இனிமேதான் மாட்டணும்."

"சரி, தெருமுனை வரைக்கும்தான் ஓட்டிக் காட்டுங்களேன். ஓடும்போது சத்தமே வராதாமே?"

"இன்னொரு நாள் பாக்கலாம் சகலை. இன்னிக்கு எனக்குத் தோள்பட்டை வலி."

வண்டியைத் துடைக்கும்போது வராத தோள்பட்டை வலி! என் கண் பட்டுவிடும் என்று இவன் பயப்படுகிறான் என்று கண்ணாடிக்காரர் முடிவு கட்டினார். அந்தப் பயம் நியாயமானதுதான். அவர் வந்ததிலிருந்து வேறெதையும் பார்க்கவில்லை.

மெத்தை போட்டதற்கு மறுநாள், அவருடைய மூக்குக் கண்ணாடிக் கடையில் பள்ளி வேன் டிரைவர் கண் பரிசோதனைக்கு உட்கார்ந்திருந்தார். இதே தெருக்காரர். மூக்கின் மேல் சோதனைச் சட்டம், எதிரே எழுத்துப் பலகை.

"இது தெளிவா இருக்கா, முன்னாடி போட்டது தெளிவா இருந்துச்சா?" என்று கண்ணாடி வில்லையை மாற்றினார் கண்ணாடிக்காரர்.

"முன்னாடி போட்டது. அது சரி, பேப்பர் பாத்தீங்களாண்ணே? ரோடு போடப் பணமில்லையாம். பெட்ரோல் வரியை ஏத்தப் போறாங்களாம். அதுக்கு ஜனங்ககிட்டக் கருத்துக் கேக்கக் கூட்டம் போடுறாங்க."

"ஏத்தினா என்னவாம்?"

"என்னவாமா? உங்களுக்கு வண்டி, வீட்டுக்கும் கடைக்கும் போயிட்டு வர. எனக்கு அதுதான் சோறு. நாள் முழுக்க ஓட்டுறவன் வயித்துலதான் முதல் அடி விழும். இத்தனை வருஷமா கட்டின வரி எந்தப் பள்ளத்துல போச்சுன்னு முதல்ல சொல்லட்டும்."

வளைந்த கண்ணாடிச் சட்டத்தை நிமிர்த்திக்கொள்ள வந்திருந்த தையல்காரம்மா பெஞ்சியிலிருந்து குரல் கொடுத்தார். அவரும் அதே தெருதான். "ஏத்தட்டும்ங்கிறேன் நான்! போன வாரம் ஸ்கூட்டரோட விழுந்து இந்தச் சட்டம் வளைஞ்சுது. அதுக்கு முந்தி டயரு. அதுக்கும் முந்தி முழங்காலு. மெக்கானிக்குக்கும் டாக்டருக்கும் அழறதை வரியா அழுதுட்டுப் போறேன். ரோடாவது மிஞ்சும்."

"யார் சொல்றது சரிண்ணே?" என்றார் டிரைவர்.

கண்ணாடிக்காரர் வில்லையைக் கையில் பிடித்தபடி யோசித்தார். ரோடு போட்டால் நம் வண்டி குலுங்காது. குலுங்காவிட்டால் அவள் திரும்பி வருவாள். ஏற்றட்டும் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். அதற்குள் சகலையின் வெள்ளை வண்டி மனதில் மிதந்து வந்தது.

அந்த வண்டி இவருடைய தெருவுக்குள் வருவதில்லை. தரையோடு ஒட்டிய வண்டி. இந்தப் பள்ளங்களில் இறங்கினால் வயிறு இடிக்கும். அதனால்தான் மனைவி இரண்டு தெரு நடந்து போய் ஏறுகிறாள். ரோடு போட்டுவிட்டால்? சகலை ஒரு சொட்டு பெட்ரோல் வாங்கப் போவதில்லை. ஒரு சல்லிக்காசு வரி கட்டப் போவதில்லை. ஆனால் இவர் கட்டிய வரியில் போட்ட ரோட்டில், இவர் வீட்டு வாசல் வரைக்கும் வழுக்கிக்கொண்டு வந்து, இவர் மனைவியை ஏற்றிக்கொண்டு போவார்!

"ஏத்தக் கூடாது!" என்று கத்தினார் கண்ணாடிக்காரர். டிரைவர் மூக்கிலிருந்த சட்டம் துள்ளியது.

அன்று மாலையே தெருவில் வீடு வீடாகக் கையெழுத்து வேட்டை தொடங்கியது. வேன் டிரைவர் கூடவே வந்தார். "பெட்ரோல் வரியை உயர்த்தாதே" என்று தலைப்பு. தையல்காரம்மா கதவைத் திறந்து, படித்து, மறுபடி சாத்திக்கொண்டார். மற்றவர்கள் போட்டார்கள். கண்ணாடிக்காரருக்குத் தன்னை ஒரு தலைவர் என்று உணர்வது பிடித்திருந்தது.

அந்தச் சந்தோஷம் சகலை வந்து நிற்கும் வரைதான் இருந்தது.

"கேள்விப்பட்டேன் சகலை. நல்ல காரியம். நீங்க எந்தப் பக்கமோ நானும் அந்தப் பக்கம்" என்று சொல்லி, சகலை ஒரு கத்தைத் தாளை நீட்டினார். "எங்க தெரு, அடுத்த தெரு, லிஃப்ட் கம்பெனி, எல்லார்கிட்டயும் வாங்கிட்டேன்."

கண்ணாடிக்காரர் தாள்களைப் பார்த்தார். சகலையின் கத்தை இவருடையதைவிடத் தடிமனாக இருந்தது. இரண்டு மடங்கு என்றுகூடச் சொல்லலாம்.

"உங்களுக்கென்ன வந்துச்சு? உங்களுதுதான் பெட்ரோலே குடிக்காத வண்டியாச்சே?"

"இருந்தாலும் சகலை... உங்களுக்குக் கஷ்டம்னா எனக்கும் கஷ்டம்தானே" என்று சகலை தரையைப் பார்த்துச் சொன்னார்.

பரிதாபப்படுகிறான்! கண்ணாடிக்காரருக்கு உள்ளங்காலிலிருந்து உச்சந்தலை வரை பற்றிக்கொண்டது. கையெழுத்திலும் என்னை முந்திவிட்டு, போதாததற்கு என்மேல் இரக்கம் வேறு. இவனோடு ஒரே தாளில் என் பெயர் இருப்பதைவிட நான் லிட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாகவே வரி கட்டிவிட்டுப் போகிறேன்.

விடிந்ததும் புதுத் தாளோடு அதே வீடுகளில் ஏறி இறங்கினார். இந்தத் தடவை தலைப்பு, "பெட்ரோல் வரியை உயர்த்து, ரோட்டைப் போடு."

"நேத்து உயர்த்தாதேன்னு வாங்கிட்டுப் போனீங்களே?" என்றார்கள் எல்லாரும்.

"நேத்து நேத்து. இன்னிக்கு இன்னிக்கு."

வேன் டிரைவர் அவரோடு பேசுவதை நிறுத்தினார். தையல்காரம்மா கதவை அகலத் திறந்து முதல் கையெழுத்துப் போட்டார். "ராத்திரி யார் உங்களுக்குக் கண்ணாடி மாத்தினது?" என்று மட்டும் கேட்டார்.

பாதித் தெரு முடிவதற்குள் சகலை மூச்சிரைக்க வந்து சேர்ந்தார்.

"நானும் உக்காந்து யோசிச்சேன் சகலை. நீங்க சொல்றதுதான் நியாயம். வரியை ஏத்தினாத்தான் ரோடு வரும். நேத்து வாங்கினதையெல்லாம் திருப்பிக் குடுத்துட்டு, இதோ, புதுசா வாங்கிட்டு வந்துட்டேன்."

இந்தக் கத்தை நேற்றையதைவிடத் தடிமன்.

கண்ணாடிக்காரர் அப்படியே தெருவோரத்தில் ஒரு பள்ளத்தின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். எந்தப் பக்கம் திரும்பினாலும் இவன் முன்னால் வந்து நிற்கிறான். ஏற்று என்றாலும் இவன். ஏற்றாதே என்றாலும் இவன். இவன் வந்து நிற்க முடியாத இடம் ஒன்று இருக்காதா?

இருந்தது. அது அவருக்குக் கடையில், ஒரு குழந்தைக்குச் சட்டம் மாட்டிக்கொண்டிருக்கும்போது பளிச்சென்று தோன்றியது. சந்தோஷத்தில் குழந்தைக்கு அதன் அப்பாவின் கண்ணாடியை மாட்டிவிட்டார்.

பெட்ரோல் வரியை ஏன் ஏற்ற வேண்டும்? ரோட்டில் ஓடிக்கொண்டே ரோட்டுக்கு ஒன்றும் கட்டாமல் தப்பிப்பது யார்? எலெக்ட்ரிக் வண்டிக்காரர்கள்! அவர்களிடம் வாங்கு ரோட்டுக் கட்டணம்!

தெருவில் இதற்கு எதிர்ப்பே இல்லை. எலெக்ட்ரிக் வண்டி வைத்திருப்பவர் யாரும் அந்தத் தெருவில் இல்லை. வேன் டிரைவர் திரும்பவும் பேச ஆரம்பித்தார். தையல்காரம்மா, "ரோடு வந்தாச் சரி, யார் குடுத்தா எனக்கென்ன?" என்றார். கூட்டத்தில் தெருவின் சார்பாகக் கண்ணாடிக்காரரே பேசுவது என்று முடிவாகியது. சகலை இந்தத் தடவை கத்தையோடு வரவில்லை. கண்ணாடிக்காரர் பல நாள் கழித்து வயிறாரச் சாப்பிட உட்கார்ந்தார்.

பரிமாறிக்கொண்டிருந்த மனைவி, "என்னங்க, எலெக்ட்ரிக் வண்டிக்குக் கட்டணம் போடச் சொல்லப் போறீங்களாமே?" என்றாள்.

"ஆமா."

"எதுக்குங்க இந்த வேண்டாத வேலை? அக்கா வீட்ல என்ன நெனைப்பாங்க?"

"நியாயத்தைப் பேசும்போது அக்காவாவது, தங்கச்சியாவது!"

"பாவம்ங்க. கடன் போட்டு வாங்கின வண்டி."

கண்ணாடிக்காரரின் கை சாப்பாட்டுக்கும் வாய்க்கும் நடுவில் நின்றது. அவன் கடன் வாங்கியது வரைக்கும் இவளுக்குத் தெரிந்திருக்கிறது. தினமும் முன் சீட்டில் உட்கார்ந்து இதையெல்லாம்தான் பேசிக்கொண்டு போகிறார்களா? என்னிடம் பேச வேண்டிய பேச்செல்லாம் அங்கே போகிறதா?

"அந்த வண்டியோட பேட்டரி என்ன கனம்னு தெரியுமா உனக்கு?" என்றார். "அத்தனை கனமும் ரோட்டைத்தானே அமுக்குது? வெறும் கட்டணம் கேட்டா பத்தாது. எடைக்கு ஏத்த மாதிரி கட்டணம்னு கேக்கப் போறேன்."

"எடைக்கு ஏத்த மாதிரியா?" கரண்டி அவள் கையிலிருந்து நழுவியது.

"ஏன், உனக்கேன் பதறுது?"

"எனக்கென்ன பதட்டம்? வேணாம்னா வேணாம். நான் சொல்றதைக் கேளுங்க. அப்புறம் நீங்கதான் வருத்தப்படுவீங்க."

"நான் ஏன் வருத்தப்படணும்? என் வண்டி பெட்ரோல் வண்டி. நான் மானமா வரி கட்டுறவன்."

அவள் விழுந்த கரண்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். சகலைக்காக அவள் எவ்வளவு கெஞ்சுகிறாளோ, அவ்வளவுக்குக் கட்டணத்தை ஏற்றுவது என்று அவர் மனதுக்குள் ஒரு விகிதம் வைத்துக்கொண்டார்.

கூட்டத்துக்கு முந்தைய நாள் சகலையே கடைக்கு வந்துவிட்டார். பரிசோதனை நாற்காலியில் உட்கார்ந்து வேர்வையைத் துடைத்தார்.

"சகலை, கூட்டத்துல பேசறதுக்கு முன்னாடி உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லிடணும். மனசுல வெச்சுக்கிட்டு என்னால தூங்க முடியல. அந்த வண்டி இருக்கே..."

சகலையின் போன் அடித்தது. எடுத்தார். மறுமுனையில் அவருடைய மனைவி பேசினாள். என்ன பேசினாள் என்று கேட்கவில்லை, வேகமாகப் பேசினாள் என்பது மட்டும் கேட்டது. சகலை, "சரி... சரிம்மா... சரி" என்று மூன்று விதமாகச் சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.

"என்ன சகலை, வண்டிக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல. சும்மா கண்ணு பாத்துக்கலாம்னு வந்தேன்."

கெஞ்ச வந்திருக்கிறான், கௌரவம் தடுக்கிறது என்று புரிந்துகொண்டார் கண்ணாடிக்காரர். அவருக்கு உச்சி குளிர்ந்தது. விளக்கைப் போட்டு எழுத்துப் பலகையைக் காட்டினார். சகலை கடைசி வரியில் இருந்த பொடி எழுத்துகளைக்கூடத் தடையில்லாமல் படித்தார்.

"உங்க பார்வையில ஒரு கோளாறும் இல்லையே" என்றார் கண்ணாடிக்காரர் ஏமாற்றத்தோடு.

"ஆமா சகலை. எனக்கு நல்லாத்தான் தெரியுது" என்று பெருமூச்சு விட்டபடி எழுந்து போனார் சகலை.

கூட்டம் நடந்த இடம் மனைவியின் புது அலுவலகம் இருக்கும் கட்டடத்தின் கீழ்த்தள மண்டபம். கண்ணாடிக்காரர் அதுவரை அங்கே வந்ததே இல்லை. "என்கூட வண்டியில வாயேன், ஒண்ணாப் போலாம்" என்று காலையில் கூப்பிட்டுப் பார்த்தார். "எனக்கு ஆபீஸ் இருக்குங்க, முன்னாடியே போகணும்" என்று அவள் கிளம்பிவிட்டாள். நீல மெத்தையில் தன் பேச்சுத் தாள்களை வைத்துக்கொண்டு தனியாக வந்து சேர்ந்தார்.

மண்டபம் நிரம்பி வழிந்தது. மேடையில் கருத்துக் கேட்கும் குழுவின் தலைவியும் உறுப்பினர்களும் உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவராக மைக்கைப் பிடித்தார்கள். சரக்கு லாரி வைத்திருந்தவர், வரியை ஏற்றினால் காய்கறியிலிருந்து செங்கல் வரை எல்லாமே ஏறும் என்றார். ஆம்புலன்ஸ் ஓட்டும் பெண் ஒருத்தி, பள்ளத்தில் இறங்கி ஏறும் ஒவ்வொரு தடவையும் பின்னால் படுத்திருப்பவர் போடும் சத்தத்தை வந்து கேளுங்கள் என்றாள்.

கண்ணாடிக்காரரின் முறை வந்தது. தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஆரம்பித்தார்.

"ரோடு வேணும். அதுல யாருக்கும் சந்தேகமில்ல. ஆனா யார் கட்டுறது? புகை விட்டுக்கிட்டு, சத்தம் போட்டுக்கிட்டு, நாலு பேருக்குத் தெரியற மாதிரி ஓடுற நாங்க கட்டுறோம். சத்தமே இல்லாம நழுவிப் போறவங்க கட்டுறதில்ல! பெட்ரோல் போடலைங்கறதுக்காக அவங்க வண்டி என்ன ஆகாசத்துலயா பறக்குது? அதே ரோட்டுல, அதே சக்கரத்துலதானே ஓடுது? பேட்டரி கனம் வேற. எடை பாத்துக் கட்டணம் போடுங்க!"

கைதட்டல் எழுந்தது. வேன் டிரைவர் விசிலே அடித்தார். குழுத் தலைவி தலையாட்டிக் குறித்துக்கொண்டார். அத்தோடு இறங்கியிருக்கலாம். இறங்கத்தான் திரும்பினார். அப்போது நடு வரிசையில் மனைவி தெரிந்தாள். மாடியிலிருந்து இறங்கி வந்து உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்திலேயே சகலை. அவள் தலையில் கை வைத்திருந்தாள். சகலை அவள் காதருகே குனிந்து ஏதோ ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தார்.

கண்ணாடிக்காரருக்குக் கண் இருட்டியது. மைக்கைத் திரும்பப் பிடுங்கினார்.

"இன்னொண்ணு! இனிமே வாங்குற வண்டிக்கு மட்டும் போட்டா போதாது. ஏற்கெனவே வாங்கி ஓட்டிக்கிட்டிருக்காங்களே, அவங்களும் வாங்கின நாள்லேருந்து கணக்குப் போட்டுக் கட்டணும்! சலுகை கிடையாது! தவணை கிடையாது!"

மண்டபம் அதிர்ந்தது. மனைவி கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

உறுப்பினர்கள் தலையோடு தலை சேர்த்துப் பேசினார்கள். கடைசியில் தலைவி எழுந்து, ஒரு கண்ணாடிக் கடைக்காரர் சொன்ன யோசனை மிகவும் நியாயமானது என்றும், எலெக்ட்ரிக் வண்டிகளுக்கு எடைக்கேற்ற கட்டணத்தை, அவர் கேட்டபடியே வாங்கிய நாளிலிருந்து வசூலிக்கப் பரிந்துரைப்பதாகவும் அறிவித்தார். அது மட்டும் போதாது என்பதால் பெட்ரோல் வரியும் ஏறும் என்று சேர்த்துக்கொண்டார்.

வேன் டிரைவரின் விசில் பாதியில் நின்றது. "என்னண்ணே, ரெண்டும் ஏறுதா?" என்றார்.

"ஏறட்டும்! ஏறட்டும்!" என்றார் கண்ணாடிக்காரர். தான் கட்டப் போவது அவருக்கு ஒரு பொருட்டாகவே தெரியவில்லை. சகலை அதைவிட அதிகம் கட்டுவார். கட்ட முடியாமல் வண்டியை விற்பார். அப்புறம் மனைவி எதில் போவாள்? நீல மெத்தை காத்துக்கொண்டிருக்கிறது. ரோடும் வரப் போகிறது. இத்தனை நாள் எரிந்த வயிற்றில் ஐஸ் வைத்த மாதிரி இருந்தது அவருக்கு.

வெளியே வந்ததும் கால்கள் தாமாக வண்டி நிறுத்துமிடத்துக்குப் போயின. அங்கே சுவரோரம் பிளக்கில் ஒயர் மாட்டியபடி நின்றது சகலையின் வெள்ளை வண்டி. பக்கத்தில் ஸ்டூலில் கட்டடத்தின் காவலாளி உட்கார்ந்து, மண்டப ஒலிபெருக்கியில் வந்ததையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

கண்ணாடிக்காரர் வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த வண்டியை அன்போடு தட்டிக் கொடுத்தார்.

"இந்த வண்டிக்காரர் பாடு இனிமே திண்டாட்டம்தான்!" என்றார் காவலாளியிடம்.

"நானும் கேட்டேன் சார். உள்ள எவனோ ஒருத்தன் மைக்கைப் பிடுங்கிப் பிடுங்கிப் பேசினானே, அவனுக்கு என்ன வயித்தெரிச்சலோ தெரியல."

கண்ணாடிக்காரர் அந்த அபிப்பிராயத்தைப் பெருந்தன்மையோடு கண்டுகொள்ளாமல் விட்டார். வாசல் படியில் சகலை தொங்கிய தலையோடு இறங்கி வருவது தெரிந்தது.

"அதோ வர்றாரே, அவர்தான் இந்த வண்டிக்குச் சொந்தக்காரர். முகத்தைப் பாருங்க, செத்த முகம்!"

காவலாளி எட்டிப் பார்த்துவிட்டு, ஸ்டூலைக் கண்ணாடிக்காரர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"அவருக்கு வண்டி ஓட்டவே தெரியாது சார், பக்கத்து சீட்ல கண்ணை மூடிக்கிட்டு உக்காந்து வருவாரு, இது மாடியில தண்ணி டெஸ்ட் பண்ற அம்மாவோட சொந்த வண்டி, அவங்க வீட்டுக்காரர் பொறாமை புடிச்ச மனுஷனாம், தெரிஞ்சா தாங்க மாட்டாராம், அதான் அக்கா வீட்டு வண்டின்னு சொல்லி வெச்சிருக்காங்க. நீங்களும் யார்கிட்டயும் மூச்சு விட்டுடாதீங்க!"